வெட்டு மருமவனே, வெட்டு!

வா மருமவனே. வண்டிய நிப்பாட்டும்போதே பாத்துட்டேன். டிக்கிக்குள்ள கடப்பாரை, மம்பட்டி, பளபளன்னு ஒரு ரம்பம், சப்பான்காரன் கத்திரி ரெண்டு. கத்திரிக்குத் தோல் உறை வேற. கல்யாணத்தன்னிக்கு நீ போட்டிருந்த சட்டைகூட இம்புட்டு விலை இருந்திருக்காது. பெங்களூருல நாள் முச்சூடும் கம்ப்யூட்டரத் தட்டிட்டு, லீவு கிடைச்சா மரத்தைக் குள்ளமாக்கணும்னு ஆசை வந்திருக்கு. வரட்டும். மனுசன்னா ஒரு கிறுக்கு வேணும். சீட்டாட்டத்துக்கு இது மேல். என்ன, சீட்டுல தோத்தா சீட்டு சாவாது.

நாலுவழிச் சாலைக்கு இடிக்கப்போற அந்தப் பழைய பங்களா காம்பவுண்டுல நிக்க காகிதப்பூவத்தானே தோண்டப் போற? அடிமரம் தொடை தண்டி இருக்குன்னு ஒங்க அத்தைகிட்ட சொன்னியாம். யாரு தொடைன்னு அவ கேக்கா. அது கெடக்கட்டும். தோண்டுன அன்னிக்கே மொட்டையடிக்கலாமா, பொறுத்து அடிக்கணுமான்னு ஒனக்குச் சந்தேகம். சந்தேகம் எங்க இருக்கு? முடிவை ஏதோ வீடியோவுல பாத்து எடுத்துட்டே வந்திருக்க. பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோம்னு இருக்கணும், அம்புட்டுத்தான்.

வெட்டு. நான் என்ன தடுக்கவா போறேன்? நம்ம ஊருக்காரனுக்கு வெட்டுன்னா பயமா? மல்லிச் செடியைக் கார்த்திகை வாக்குல தரையிலருந்து 50 சென்டிமீட்டர் விட்டுட்டு மேல இருக்கதப் பூரா கவாத்து பண்ணுதோம். செடிமுருங்கை காய்ச்சு ஓஞ்சதும் மூணடியில அறுத்து விடுதோம். கம்பத்துல திராட்சைக்காரன் வருசத்துக்கு ரெண்டு கவாத்து அடிக்கான். எல்லாம் முன்னைக்கு ரெண்டு பங்கா தழையுது. இதப் பாத்துட்டுத்தான் நீ "வெட்ட வெட்டத் தழையும் மாமா"ன்னு எனக்கே பாடம் எடுக்க. தழையும்தான். அந்த மல்லிக்கு வேரு எங்கன இருக்கு? தரைக்குள்ள, ஒரு இழை குறையாம. ஒன் காகிதப்பூவுக்கு வேரு எங்கன இருக்கும்? முக்காவாசி பங்களா அஸ்திவாரத்துக்கு அடியில. மிச்சம் ஒன் கடப்பாரையில. மல்லிக்கு ஒரு பக்கம்தான் வெட்டு. இதுக்கு ரெண்டு பக்கமும்.

படிச்சவங்களும் இந்த விசயத்துல ரெண்டு கட்சியா நின்னு அடிச்சுக்கிடுதாவ. இலைக்கு ரெண்டு சோலி உண்டு. ஒண்ணு, வேரு உறிஞ்சித் தார தண்ணிய ஆவியா விடுதது. இன்னொண்ணு, வெயிலை வாங்கிச் சர்க்கரை காய்ச்சி வேரு வரைக்கும் அனுப்புதது. நீ தோண்டும்போது தண்டி வேரு ஒன்கூட வந்துரும். தண்ணி குடிக்கது அது இல்ல, அதோட நுனியில இருக்க மயிர்வேரு. அது மண்ணோட உதிந்துரும். காகிதப்பூவுக்கு அந்த வேரு ரொம்ப மெலிசு, தொட்டாலே ஒடியும். குடிக்க வழியில்லாதப்ப இலை மட்டும் பழைய கணக்குலயே தண்ணிய விட்டுக்கிட்டு இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தொங்கிரும். "அதனால இலையைக் குறை"ங்கான் ஒரு கட்சிக்காரன். "இலையைப் புடுங்கிட்டா புது வேரு எதைத் தின்னு வளரும்? கொழுந்து நுனியிலருந்து ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் கீழ இறங்காம வேரு எப்படிப் பொறக்கும்?"ங்கான் எதிர்க்கட்சிக்காரன். ரெண்டு பேரு பேச்சுலயும் நெசம் இருக்கு. எதிரெதிர்க் கட்சிக்காரவ ஒரே நேரத்துல நெசம் பேசி நான் பாத்தது இந்த ஒரு சங்கதியிலதான்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுன்னு செடியக் கேளு, சொல்லும். முருங்கைப் போத்தை ஒடிச்சு நட்டா ஒத்த இலை இல்லாம நின்னு தழையுதுல்லா? பூவரசம் போத்தும் அப்படித்தான். கட்டைக்குள்ள மாவுச்சத்தைச் சேத்து வச்சிருக்கு, பட்டைக்கு அடியில மொட்டு தூங்கிக்கிட்டு இருக்கு. காகிதப்பூ இந்த வகையறா. செவுத்துல மொளைக்க ஆல், அரசு, இச்சி, வேலியில நிக்க மருதாணி எல்லாம் இதே கூட்டம். இதுகளை மொட்டையா அறுத்தாலும் கட்டைக்குள்ள இருக்க சரக்கை வச்சு எந்திரிச்சிரும்.

சவுக்கு இந்தக் கூட்டத்துல சேராது. தைலமரத்தை அடியோட வெட்டிட்டு வந்தா கட்டையைச் சுத்திக் கத்தையா மொளைக்கும். அதையே வளத்து அடுத்த தடவையும் வெட்டுவாவ. சவுக்கை அப்படி வெட்டுனா அத்தோட சரி. கட்டையைத் தோண்டி அடுப்புல வச்சுட்டுப் புதுக்கன்னுதான் நடணும். ஊட்டிக்குப் போனியே, சைப்ரஸ் வேலியப் பாத்தியா, இல்ல செல்பி மட்டும்தானா? வெளிப்பச்சையத் தட்டிவிட்டா அடைச்சு வளரும். உள்ள பழுப்பேறுன கொப்பு வரைக்கும் வெட்டுனா அந்தப் பொத்தல் பொத்தல்தான். அதனாலதான் சப்பான் மலையில ஜூனிப்பர் தோண்டுதவன் அதோட பச்சையில கை வைக்கமாட்டான். முறிஞ்சது, காஞ்சதை எடுப்பான். மிச்சப் பச்சை பூரா வேரு பிடிக்கும்வரை அதுகிட்டயே இருக்கும். பெரிய கத்திரி வெளிய வர ரெண்டு மூணு வருசம் ஆனாலும் அவன் பதறமாட்டான். மலையில நிக்க மரத்தைத் தோண்டி எடுக்கதை யமடோரி, யமடோரின்னு வாய் நிறையச் சொல்லுதியே, அந்தப் பொறுமையும் சேத்துத்தான் அது.

ஓமியான்னு அங்க ஒரு ஊரு இருக்கு. 1923-ல டோக்கியோவுல பூகம்பம் வந்து, இடமில்லாமப் போன போன்சாய்க்காரவ 1925 வாக்குல போய்க் குடியேறுன ஊரு. என்ன முழிக்க? நம்ம ஊரு நூலகத்துல படிச்சேன். ஃபேன் காத்துக்குத்தான் போனேன், கண்ணு சும்மா இருக்குமா? அங்க குடியிருக்கணும்னா அப்ப சட்டம் போட்டிருந்தாவளாம். வீட்டுக்குப் பத்து போன்சாயாவது இருக்கணும், யாரு வந்து பாத்தாலும் கதவைத் தொறக்கணும், மாடி கட்டக்கூடாது, வேலி உயிர்வேலியா இருக்கணும். நீ குடியிருக்கது அடுக்குமாடியில ஒம்பதாவது மாடி. ஒன்னை ஊரு எல்லையிலயே நிப்பாட்டியிருப்பாவ.

சரி, ஒன் கேள்விக்கு வாரேன். பலமா வெட்டுததுக்கு நல்ல நேரம் எதுன்னா, தோண்டுததுக்கு முந்தின வருசம். சிரிக்காத. செடி தரையில வேரோட நிக்கும்போதே ஒனக்கு வேணுங்கிற உயரத்துக்குக் கிட்ட வச்சு அறு. முழு வேரும் கீழ இருக்கதால அடிமரத்துலருந்து குபுகுபுன்னு கொழுந்து வரும். எது கொப்பாகணும், எது வேண்டாம்னு நின்னு நிதானமாப் பாக்கலாம். அந்தத் தழை முத்துனதும் செடியச் சுத்திப் பாதி வட்டத்துக்குக் குழி எடுத்து அந்தப் பக்கத்து வேரை நறுக்கி, மணலும் மக்குன எருவும் போட்டு மூடு. சில மாசம் கழிச்சு மறுபாதி. மேல இருக்க இலை கீழ வெட்டுன வாயில மயிர்வேரு விட வச்சிரும். பெறகு தோண்டுனா அது இடம் மாறுனதே அதுக்குச் சரியாத் தெரியாது. புளிக்கெல்லாம் இப்படித்தான் செய்யணும். ஆணிவேரை நம்பி நிக்க செடி அது. அதை ஒரே நாள்ல மேலயும் கீழயும் அறுத்துட்டு, பெறவு ஜோசியரத் தேடிப் போகக்கூடாது.

மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? ஒரு வருசம்னதும் தாங்கலியோ? ஒன் காகிதப்பூவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லங்கது எனக்கும் தெரியும். ஜேசிபிக்காரன் ஒனக்காக நிக்கமாட்டான். அதனால சொல்லுதேன்: தோண்டுன அன்னிக்கே வெட்டு. இந்தச் செடி அதைத் தாங்கும். ஆனா அன்னிக்கு வெட்டுதது அது பிழைக்கதுக்கு. அழகுக்கு வெட்டுததுக்கு இன்னொரு நாள் வரும். இதை மண்டையில ஏத்திக்கிடு.

முதல்ல மேல இருக்க கொப்பக் குறைச்சிட்டுத் தோண்டு. முள்ளு அப்படி. முழுசா வச்சுக்கிட்டு குழிக்குள்ள இறங்குனா ஒன் முதுகு கந்தலாயிரும். கடைசியில எந்த இடத்துல முடியணும்னு நெனைக்கியோ, அதுக்கு மேல ஒரு சாண் விட்டே அறு. காகிதப்பூ கட்டை மெதுவானது. வெட்டுன வாயிலருந்து கீழ அடுத்த உசிரு மொட்டு வரைக்கும் காஞ்சு இறங்கும். சரியா அளந்து வெட்டுனேன்னு நீ பெருமைப்பட்டா, அது காய்ஞ்சு இறங்கி ஒன் அளவைக் கெடுத்துப்போடும். வேருலயும் நைஞ்சு நாராப் போனத ரம்பத்தால சுத்தமா அறு. நைஞ்ச வாய் அழுகும், சுத்தமான வாய்தான் வேரு விடும். மெலிசு வேரு எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் ஈரச்சாக்குல சுத்திக் கொண்டா. பாத்திரம் தேய்க்கித மாதிரி மண்ணைக் கழுவி எடுக்கணும்னு அந்த வீடியோவுல சொல்லியிருப்பான். அவன் கெடக்கான்.

வெட்டுவாயில பூசதுக்கு ஒரு டப்பா வாங்கியிருக்கியாமே, ஆயிரத்துச் சொச்சமாம். பூசு, வெட்டுன வாய் சட்டுன்னு காயாம இருக்கதுக்கு ஆகும். நாங்க சாணியும் களிமண்ணும் பூசுவோம், அது வேலை செய்யுதுன்னு சொல்லிக்கிட்டு. ஷைகோன்னு ஒரு அமெரிக்கக்காரரு, அங்க காட்டிலாகாவுல வேலை பாத்தவரு. ஆயிரக்கணக்கான மரத்தை ரம்பம் வச்சுப் பிளந்து பாத்துட்டு, மரம் காயத்தை ஆத்துததே இல்ல, அழுகல் பரவாமச் சுத்திச் செவரு வச்சு அடைச்சுட்டு மேல புதுக்கட்டை வளத்துக்கிடும்னு சொன்னாரு. பூச்சு அழுகலைத் தடுக்காதுன்னும் சொல்லிட்டாரு. சாணிக்காரன், டப்பாக்காரன் ரெண்டு பேருக்கும் அடி. எங்களுக்குச் செலவில்ல, ஒனக்குத்தான் ஆயிரத்துச் சொச்சம்.

நாள் பாக்கணும்லா? நீ லீவு பாத்து வந்திருக்க, செடி அதப் பாக்காது. ஆனி, ஆடியில முப்பந்தல் காத்தாடியெல்லாம் நிக்காமச் சுத்தும். அந்தக் காத்துல வேரோட நிக்க செடியே வாடும், வேரில்லாதது எந்த மூலைக்கு? கத்திரி வெயிலும் வேண்டாம். தை கடைசி, மாசி நல்லது. வெயில் ஏற ஏற மொட்டு முழிக்கும். இல்லன்னா ஆவணி, புரட்டாசி. காத்து ஓஞ்சு, காத்துல ஈரம் ஏறியிருக்கும், மழை இன்னும் அடிச்சு ஊத்தாது. இப்ப புரட்டாசி, ஒன் அதிர்ஷ்டம். ஆனா ஐப்பசி அடைமழையில கட்டையை வெளிய வச்சிராத, தாழ்வாரத்துக்குள்ள தள்ளிரு. காகிதப்பூவுக்கு நின்ன தண்ணி ஆகாது. அதுலயும் மொட்டைக் கட்டைக்கு ஆகவே ஆகாது. இலையில்லாதது எதை வச்சுத் தண்ணி இழுக்கும்? ஊத்துனது ஊத்துனபடியே நிக்கும். நீயோ பாசத்துல காலையும் மாலையும் ஊத்துவ. அதனால மண்ணுக்குச் செங்கல் தூளும் பருமணலும் கூடுதலாப் போடு. ஆத்துமணல் விலை கேட்டு மயங்கி விழுந்துராத, ஜல்லித் தூளைச் சலிச்சுப் போட்டாலும் போதும். அந்த நீலக் கலர் பீங்கான் தட்டை எடுத்து உள்ள வை. அடியில ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளிதான் இப்பத்திக்கு அதுக்குத் தொட்டி. கட்டை ஆடாம இருக்கணும், கயித்தால வாளியோட சேத்துக் கட்டிரு. அது அசைய அசைய புதுசா வர வேரு அறுந்துக்கிட்டே இருக்கும்.

இனிமேத்தான் ஒனக்குச் சோதனை. மூணு நாலு வாரத்துல பச்சைப் பசேல்னு துளிர் வரும். நீ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுவ, பெங்களூருக்காரன் பூராவும் கைதட்டுவான். வேரு ஒண்ணுகூட வந்திருக்காது மருமவனே. வேலை போனவன் பி.எப். பணத்தை எடுத்து ஊரெல்லாம் மொய் எழுதுத மாதிரி, கட்டைக்குள்ள கெடந்த சேமிப்பை எடுத்து அது காட்டுத ஜம்பம் அது. சமயத்துல அந்தத் துளிர்லயே பூவும் பூக்கும், நெருக்கடியில பூக்கது அதோட குணம். பூவைக் கிள்ளி எறி. அந்தத் துளிரை மட்டும் தொடாத. இப்ப வேரு செய்யுதது அந்த இலைதான். அதைப் போய் "ஷேப் பண்ணுதேன்"னு கிள்ளுன, கம்பியச் சுத்துன, சேமிப்பும் போச்சு சம்பளமும் இல்லன்னு ஒரு நாள் பொசுக்குனு கருகி நிக்கும். காகிதப்பூ தோண்டுனவங்கள்ல பாதிப்பேரு அழுதது இந்த எடத்துலதான். உரமும் இப்ப வேண்டாம். யூரியாக் கரண்டியோட ஒன்னை வாளிப் பக்கம் பாத்தா கையை ஒடிச்சிருவேன்.

உசிரோட இருக்கான்னு நகத்தால பட்டையச் சுரண்டிப் பாப்ப, தெரியும். ஒரு தடவை பாரு, பச்சை தெரிஞ்சா விட்ரு. தெனமும் சுரண்டுனா பட்டையில்லாமச் செத்துரும், பிரேதப் பரிசோதனைக்கு வேலையில்லாமப் போயிரும். வேரு பிடிச்சிருக்கான்னு தூக்கிப் பாக்கதும் கூடாது. அதுவாச் சொல்லும். முதல் இலை முத்திக் கரும்பச்சையாகும். பெறகு கொஞ்ச நாள் சும்மா நிக்கும், அப்பதான் கீழ வேலை நடக்குது. அது முடிஞ்சு ரெண்டாவது தடவை விறுவிறுன்னு கம்பு ஓடும், முழநீளம், கைநீளம்னு. வாளி ஓட்டையில வெள்ளை வேரு எட்டிப் பாக்கும். அதையும் உடனே வெட்டாத, ஓடட்டும். கம்பு எம்புட்டு ஓடுதோ அம்புட்டுக்கு வேரும் ஓடும், வெட்டுவாயும் மூடும். முழுசா ஒரு வருசம் போகட்டும். அடுத்த புரட்டாசியில வந்து, எது வரைக்கும் காஞ்சிருக்கு, எங்க உசிரு கொப்பு நிக்குன்னு பாத்து, அந்தக் கொப்புக்கு ஒட்டி ரம்பத்தைப் போடு. அதான் நீ கேட்ட பெரிய வெட்டு. அன்னிக்கு வேருல கை வைக்காத. தொட்டி மாத்துதது அதுக்கு அடுத்த வருசம்.

இது பிடிச்சுப்போய் அடுத்து பொதிகைப் பக்கம் கடப்பாரையத் தூக்கிராத. அது களக்காடு முண்டந்துறைப் புலிக்காடு. புலி சும்மா விட்டாலும் வனத்துறைக்காரன் விடமாட்டான். வெள்ளைக்காரன் 1882-ல போட்ட காட்டுச் சட்டம் இன்னும் உசிரோட இருக்கு. இடிக்கித வீடு, அகலப்படுத்துத ரோடு, மதகுச் செவுத்துல மொளைச்ச அரசு, இதுக்கெல்லாம் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடு. ஒரு ஆயுசுக்குப் போதும்.

கட்டையை இப்ப பெங்களூருக்குக் கொண்டு போகாத. அங்க மார்கழிக் குளிருல அது வேரு விடாமச் சுருண்டு கெடக்கும், ஒம்பதாவது மாடிக் காத்து வேற. இங்கன தாழ்வாரத்துல வச்சுட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன். பூத்தா ஒங்க அத்தை சாமிக்கு வைப்பா, அதைக் கணக்குல சேக்காத. பெறகு இன்னொண்ணு. நீ இன்னிக்கு அறுத்துத் தள்ளுத கொப்பையெல்லாம் அங்கனயே போட்டுட்டு வந்துராத. பென்சில் தண்டியிலருந்து பெருவிரல் தண்டி வரைக்கும் உள்ளத ஒரு சாண், ஒன்றரைச் சாணா நறுக்கி, அடி எது நுனி எதுன்னு மாறாம, டிக்கியில அடுக்கிக் கொண்டா. கெழக்கு வேலி பூரா ஆடு நொழையுது. புரட்டாசி ஈரத்துல ஊனிவிட்டா மழையில பிடிச்சுக்கிடும், அந்த முள்ளுக்கு ஒரு ஆடு வராது. நாப்பது அம்பது குச்சியாவது வேணும். அதனால தாராளமா வெட்டு மருமவனே, கையை இழுத்துப் பிடிக்காத.